பழுது பார்ப்பவன் புண்ணியம்

வித்யா தானத்தைப் பற்றி நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கருத்து ஒன்று உண்டு. பொன்னும் பொருளும் கொடுக்கக் கொடுக்கக் குறையும். கல்வியோ எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது என்பது அது. தோட்டப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும், பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகரின் பேச்சிலும், ஆலயத்துச் சமய வகுப்பிலும் இதைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு, இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழுந்ததில்லை. பின்னாளில் நிரல் எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டு, அறிவைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்குப் பொதுவாக வைப்பதே தர்மம் என்று நம்பும் மனிதர்களோடு பல ஆண்டுகள் பழகிய பிறகு, இந்தக் கருத்து பாதி உண்மைதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கல்வி குறையாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கொடுத்துக்கொண்டே இருப்பவனுக்கு உடம்பு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, இரவில் உறக்கம் வேண்டியிருக்கிறது; அவன் குறைகிறான். அப்படிக் குறைகிறவனுக்கு, அவன் கொடுத்ததை வாங்கிப் பயன்பெறும் நாம் பட்டிருக்கும் கடன் யாது என்பதே இங்கே நான் விசாரிக்க விரும்பும் விஷயம்.

இத்துறையோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சிறிது விளக்கம் அவசியம். கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் மனிதர் எழுதிய மூல நிரல் ஒன்று இருக்கிறது. அதை வியாபார இரகசியமாகப் பாதுகாப்பதே வழக்கமாகி வந்த காலத்தில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு எடுத்துக் கொடுக்கவும் உரிமையுள்ள முழுமையான இயங்குதளம் ஒன்றை உருவாக்கப் போவதாக 1983இல் அறிவித்தார். 1991இல் ஃபின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் அந்த முயற்சியோடு வந்து சேர்ந்தது. இன்று நம் கைப்பேசியிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் ஓடும் நிரல்களில் பெரும்பகுதி இவ்வாறு பொதுவில் வைக்கப்பட்டவற்றின் மேல் எழுப்பப்பட்டதே. தமிழருக்கும் இந்த மனப்பான்மை அந்நியமாக இருந்ததில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு, சங்க நூல்கள் முதல் பிற்கால இலக்கியம் வரை தட்டச்சுச் செய்து எல்லோருக்கும் இலவசமாக வழங்கியிருக்கிறார்கள்.

மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த எங்கள் தலைமுறைக்கு மின்னணுத் தொழில் தற்செயலாக வாய்த்ததன்று. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் திறக்கப்பட்ட ஆலைகளும், 1996இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும், பாடாங் செராய், லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணி ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஈர்த்துக்கொண்டன. பால்மரத்தடியில் விடிந்த வாழ்க்கை ஒரே தலைமுறையில் வெள்ளை விளக்கெரியும் ஆலைக்குள் புகுந்தது. அங்கே நாங்கள் தொட்டுப் பழகிய கருவிகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருந்ததில்லை. அந்த உரிமையைத் தேடித்தான் நான் முதலில் பொது நிரல் மாநாடுகளுக்குப் போனேன்.

2008 நவம்பரில் கோலாலம்பூரில் நடந்த ஃபாஸ்.மை மாநாடும், 2016 மார்ச்சில் சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தில் கூடிய ஃபாஸ்ஏசியா மாநாடும் என் மனத்தில் அழியாமல் நிற்கின்றன. பெயரும் ஊரும் கேளாமல், என்ன சம்பளம் வாங்குகிறாய் என்று விசாரிக்காமல், தான் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டறிந்த ஒன்றைப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்நியனுக்கு மடிக்கணினியைத் திருப்பி வைத்து வரி வரியாக விளக்கும் ஒருவரைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சி சாமானியமானதன்று; சத்சங்கம் என்று பெரியோர் எதைச் சொன்னார்களோ அதன் சாயலை நான் அங்கே உணர்ந்திருக்கிறேன். கூடவே இன்னொன்றையும் கண்டேன். இத்தகைய கூட்டங்களில் புதிதாகப் பிறந்த கருவியைப் பற்றிய உரைக்கு நிற்கவும் இடமிராது. பத்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை எவ்வாறு பழுதில்லாமல் காத்து வருகிறோம் என்று பேச வருகிறவருக்கு முன்னால் பெரும்பாலான நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இந்த இரண்டாவது காட்சியின் பொருள் எனக்கு விளங்கச் சில காலம் பிடித்தது.

அறிவைப் பொதுவாக்குவது பற்றி ஒரு தமிழன் யோசிக்கத் தொடங்கினால் முதலில் நினைவுக்கு வருபவர் இராமானுஜர். திருக்கோட்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் உட்பொருளைப் பெறுவதற்காக அவர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்றும், தகுதியற்றவருக்குச் சொன்னால் நரகம் புகுவாய் என்ற எச்சரிக்கையோடு நம்பி அதை உபதேசித்தார் என்றும், தான் ஒருவன் நரகம் புகுந்தாலும் மற்றவர் அனைவரும் உய்வர் என்றெண்ணி இராமானுஜர் அதை எல்லோருக்கும் வெளியிட்டார் என்றும் வைணவ குருபரம்பரை கூறுகிறது. கோபுரத்தின் மேலேறி உரக்கச் சொன்னார் என்பது வழிவழி வந்த செய்தி. எங்கள் வட்டத்து நண்பர்களும் இந்தக் கதையை மிகவும் விரும்புவார்கள். கதையில் இராமானுஜர் வீரர், நம்பி உலோபி என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடுவது எளிது. நம்பியின் தயக்கத்துக்குப் பொறாமைதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மந்திரத்தைக் கேட்பவர் ஆயிரம் பேர் இருக்கலாம். அதை உருக்குலையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பவர் யார் என்ற கவலை அவருக்கு இருந்திருக்க வேண்டும். இராமானுஜரும் அந்தக் கவலையை அலட்சியம் செய்துவிடவில்லை. வெளியிட்டதோடு நில்லாமல், திருவரங்கத்துக் கோயிலின் நித்திய வழிபாட்டையும் பணியாளர் கடமைகளையும் ஒழுங்கு செய்வதில் பெருஞ்சிரத்தை எடுத்துக்கொண்டவர் அவர். கோபுரத்தில் ஏறிய காட்சியை நாம் கொண்டாடுகிறோம். கோயிலொழுகுக்காக அவர் பட்ட பாட்டை அவ்வளவாகப் பேசுவதில்லை.

சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியை நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு பழைய மேசையைக் கொண்டுவந்து போட்டு, சேர்ந்து செய்து கற்கும் கூடமாக்கி, ஹேக்கர்ஸ்பேஸ் என்று பெயர் வைத்தோம். 1995இல் பெர்லினில் தொடங்கப்பட்ட சி-பேஸ் போன்ற கூடங்களையும், 2009இல் தொடங்கிய சிங்கப்பூர்க் கூடத்தையும் கேள்விப்பட்டு உண்டான ஆசை அது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில் பிறந்த ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகையின் வரைபடங்கள் முழுவதும் பொதுவில் கிடைத்தபடியால், எங்களைப் போன்றவர்கள் குறைந்த செலவில் கற்றுக்கொள்ள வழி பிறந்தது. அந்த மாடியில் நான் முதன்முதலாக நிதானத்தோடு கற்றது ஈயம் பற்ற வைப்பது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பி 183 பாகையில் உருகும். கற்றுக்குட்டி, சூட்டுக்கோலின் நுனியில் கம்பியை உருக்கி, உருகிய துளியை இணைப்பின் மேல் வைப்பான். பழகியவன் முதலில் செப்புத் தடத்தையும் உறுப்பின் காலையும் சேர்த்துச் சூடாக்குவான். அவை போதிய சூடு ஏறிய கணத்தில் கம்பியைத் தொட்டால், உலோகம் தானாகவே பாய்ந்து காலைச் சுற்றிப் பளபளப்பான சிறு கூம்பாக அமைந்துவிடும். துளியாக வைத்த இணைப்பு மங்கிய உருண்டையாக நிற்கும். அதிலும் மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். சில மாதங்கள் கழித்து, வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கிய பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு நாளில் அது அறுந்துவிடும்.

ஒரு பொருளைச் செய்தவனுக்கும் அதைக் காத்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவை அந்த மங்கிய உருண்டைகள். எங்கள் கூடத்துக்கு வரும் பழைய வானொலிகளிலும் கோயில் ஒலிபெருக்கிகளிலும் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இதுவே நோய். பூதக்கண்ணாடியை வைத்துப் பலகை முழுவதையும் தேடி, அந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ரோசின் தடவி மறுபடி சூடாக்கினால் பெட்டி பேசும். இதைச் செய்தவனுக்குப் பெயர் கிடையாது. பலகையின் மேல் அச்சிட்டிருப்பது தயாரித்தவனின் பெயர்.

எங்கள் மண்ணிலேயே, கணினி என்ற பேச்சு பிறவாத காலத்தில், அறிவைப் பொதுவாக்கிய பெருங்கதை ஒன்று நடந்திருக்கிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைமை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்திச் சாகடிக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்து, ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அவர் அதைத் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. எழுதினார், அச்சிட்டார், காண்கின்ற தோட்டக்காரர்களிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொன்னார். கிறுக்கு ரிட்லி என்று ஊர் அவரை அழைத்தது. நூறு வயது வாழ்ந்து 1956இல் அவர் மறைவதற்குள் மலாயா முழுவதும் ரப்பர்க் காடாகியிருந்தது.

இது வித்யா தானம்தான். ஆனால் இதனால் வாழ்ந்தவர் யார்? பொதுவில் வைக்கப்பட்ட அந்த அறிவைக் கொண்டு இலண்டனில் பங்குதாரர்கள் செல்வம் குவித்தார்கள். அதே அறிவைக் கையில் ஏந்தி அதிகாலை இருளில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தவர்கள், காண்டாக் கம்பில் பால் வாளிகளைத் தோளில் சுமந்தவர்கள், லயன் வீட்டிலேயே பிறந்து லயன் வீட்டிலேயே மறைந்தார்கள். பால் வெட்டுவது எளிய வேலை என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. என் அம்மா உளியைப் பிடிக்கும்போது மணிக்கட்டு அசைவதே தெரியாது. சீவல் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது. உளி அளவுக்கு மேல் உள்ளே ஆழ்ந்தால், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் உயிரோட்டமுள்ள மெல்லிய படலத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை சீராக மறுபடி வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு வெட்டுகிறவனுக்கு அந்தப் பக்கம் பயன்படாது. தனக்குப் பிறகு பத்தாண்டுகள் கழித்து யாரோ வெட்டப் போகும் பட்டையைக் காயப்படுத்தாமல் விடுவது அவர்களுடைய கைத்தர்மமாக இருந்தது. ரிட்லி கண்டுபிடித்த முறையின் உயிர் அந்தக் கைகளில்தான் காக்கப்பட்டது என்று நான் துணிந்து சொல்லுவேன்.

ஆகவே, திறந்து வைத்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நம்மவரில் சிலர் மாநாட்டு மேடைகளில் உற்சாகத்தோடு பேசும்போது என்னால் முழுமனத்தோடு தலையசைக்க முடிவதில்லை. திறந்த கதவு வழியாக முதலில் நுழைபவன் பெரும்பாலும் பலமுள்ளவனாகவே இருக்கிறான். பொதுவுடைமை நிலைப்பதற்குக் கதவைத் திறப்பதோடு வேறொரு காரியமும் நடக்க வேண்டும். அதற்கும் கெடாவிலேயே திருஷ்டாந்தம் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்கள் வீடும் வேலையும் ஒரே நாளில் இழந்து நின்ற நிலையைக் கண்டு, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் செலுத்திய பணத்தைக் கொண்டு அச்சங்கம் முதலாவதாக வாங்கிய தோட்டம் கெடா மாநிலத்து புக்கிட் சீடிம். அந்தப் பத்து வெள்ளி அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்கு அற்பத் தொகையன்று. அதை யாரும் தானமாகவும் நினைக்கவில்லை. தாங்கள் நிற்கும் நிலத்தைத் தாங்களே தாங்கிப் பிடிப்பதாக நினைத்தார்கள்.

இந்த இடத்தில் வள்ளுவரின் வைப்பு முறை எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. இல்லறவியலில் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு அடுத்ததாகவே ஈகையை வைத்தார். இல்லாதவனுக்கு இருப்பவன் இரங்கிக் கொடுப்பது ஒன்று. ஓர் ஊரில் சேர்ந்து வாழ்பவர்கள் ஊருக்குச் செய்ய வேண்டியதைக் கடமையாக அறிந்து செய்வது வேறொன்று. ஒப்புரவாகிய பின்னதைச் சொல்லுமிடத்து அவர் ஊர்க் குளத்தையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் நமக்குக் காட்டுகிறார். குளம் ஒருமுறை வெட்டப்பட்டதோடு முடிவதில்லை என்பதைத் தமிழ்நாட்டு விவசாயி நன்கு அறிந்திருந்தான். தூர் வாரவும் கரையைக் கட்டவும் மதகைப் பழுது பார்க்கவும் ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கி வேலை செய்யும் குடிமராமத்து என்ற ஏற்பாடு பழங்காலம் தொட்டு அங்கே இருந்து வந்தது. பொதுவில் வைத்த நிரலை நாம் ஈகையாகப் பாவித்து, கிடைத்தது லாபம் என்று எடுத்துச் செல்கிறோம். அதை ஒப்புரவாகப் பாவித்திருந்தால், தண்ணீர் எடுக்கும் வீடுகளெல்லாம் தூர் வாரவும் வந்து நிற்க வேண்டியவை என்பது நமக்கு நினைவிருந்திருக்கும்.

அப்படி நினைவில்லாமல் போனதன் விளைவை 2024இல் உலகம் மயிரிழையில் தப்பிக் கண்டது. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் எக்ஸ்-இசட் என்றொரு சிறு நிரல், உலகத்து லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஓசையின்றி இருந்து வந்தது. லாசே கோலின் என்ற ஃபின்லாந்துக்காரர் ஆண்டுக்கணக்காக ஏறக்குறைய தனியொருவராக, ஊதியமின்றி அதைப் பராமரித்து வந்தார். 2022இல், வேலை மெதுவாக நடக்கிறது என்று சிலர் அவரை நெருக்கினார்கள். நெடுநாளாக மனநலம் குன்றியிருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் அவர் பகிரங்கமாகவே எழுதினார். ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் உதவிக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைச் சம்பாதித்து, அவரோடு சமமான பொறுப்பைப் பெற்று, 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான பதிப்புகளுக்குள் பிறர் கணினியில் நுழைவதற்கான கள்ள வாசல் ஒன்றைப் புதைத்து வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்னும் வெளிப்படவில்லை. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கண்டு, அற்பமென்று விட்டுவிடாமல் காரணம் தேடிப் போய், அதைக் கண்டுபிடித்து மார்ச் 29ஆம் தேதி அறிவித்தார்.

இச்சம்பவத்தை எங்கள் துறையில் பெரும்பாலோர் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பேசினார்கள். எனக்கு அது தர்மப் பிரச்சினையாகப்பட்டது. நிரல் குறையவில்லை, எத்தனை கோடி கணினிகளுக்குப் பிரதி எடுத்தாலும் அதன் ஓர் எழுத்தும் தேயவில்லை. தேய்ந்தவர் அதைக் காத்தவர். நாம் எல்லோரும் சேர்ந்து பட்டையைத் தாண்டி உளியை இறக்கியிருந்தோம். காயம்பட்ட இடத்தில்தான் வஞ்சகன் வந்து அமர்ந்தான்.

இதற்குச் சாஸ்திரத்தை எடுத்துக்காட்டி ஒரு மறுப்புச் சொல்லலாம். பலனில் பற்று வைக்காமல் கருமத்தைச் செய் என்று கீதை போதிக்கிறதே, கொடுத்தவன் திரும்பப் பெற எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். என்னிடமே ஒரு பெரியவர் அப்படிக் கேட்டார். கீதாசாரியன் அந்த உபதேசத்தைச் செய்வது கருமம் செய்கிறவனிடம். அது அவனுடைய சித்தசுத்திக்காகச் சொன்னது. அவனுடைய உழைப்பின் பலனை அனுபவிப்பவனுக்கு அது விடுதலைப் பத்திரமாகாது. கொடுத்தவன் எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பெற்றவன் சொல்லத் தொடங்கினால், உத்தமமான ஓர் உபதேசம் சுரண்டலுக்கு உடந்தையாகிவிடும். நம் சமூகத்தில் தாய்மார்களிடமும், கோயில் பணியாளர்களிடமும், ஆசிரியர்களிடமும் தியாகத்தின் பெருமையைப் பேசியே வேலை வாங்கி வந்திருக்கிறோம். நிரல் எழுதுபவர்களின் உலகத்திலும் அந்தப் பேச்சு வேரூன்றுவதை நான் அச்சத்தோடு பார்க்கிறேன்.

கோயில் மரபில் இக்கேள்விக்கு விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. புதிதாக ஓர் ஆலயம் எடுப்பதைவிடப் பழுதுபட்டதைச் சீராக்கும் ஜீர்ணோத்தாரணம் பன்மடங்கு புண்ணியம் தருவது என்பது ஆகம வழியில் வந்தவர்கள் போற்றும் கொள்கை. மயமதம் என்ற சிற்ப சாஸ்திரத்தில் திருப்பணிக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வதென்ற வழக்கமும், கல்லால் கட்டியதும் காலத்துக்கு உட்பட்டதே என்ற அறிவிலிருந்து எழுந்ததுதான். கட்டியவன் சந்ததி அற்றுப் போகலாம், அரசு மாறலாம். அன்றைக்கு அங்கே கும்பிடுகிறவர்களே அதைப் புதுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அந்த மரபு நினைத்தது. கட்டினவனிடம் பட்ட கடனை அவனிடம் அடைக்க வேண்டியதில்லை, அவன் கட்டியதனிடம் அடைத்தால் போதும் என்ற இந்த ஏற்பாட்டில், தனிமனிதர் மேல் விழும் பாரம் ஊரின் மேல் பரவுகிறது. உலகத்தில் இதைவிடப் பக்குவமான ஏற்பாட்டை நான் காணவில்லை.

ஆனால் ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் எங்கள் தோட்டக் கோயில்களே சாட்சி. பீடோங்கைச் சுற்றியுள்ள பகுதிகளில் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பின, லயன்கள் காலியாயின. தொழிலாளர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் முனீஸ்வரர் சந்நிதியும் செம்பனைக்கு நடுவில் தனியே நிற்கின்றன. ஆண்டுத் திருவிழாவன்று சுங்கை பட்டாணியிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வரிசையாக வந்து செம்மண் சாலையை அடைத்துக்கொள்ளும். பால்குடமும் கரகமும் அன்னதானமும் அமர்க்களப்படும். மற்றைய நாட்களில் எண்ணெய்ப் புட்டியை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு மாலையில் வந்து, திரியைத் தூண்டி, முற்றத்துச் சருகைக் கூட்டிவிட்டுப் போகிறவர் ஒரே ஒரு முதியவர். அவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு விளக்கில்லை. நான் மாநாட்டு மண்டபங்களில் கண்ட நிறைந்த நாற்காலிகளும் காலியான நாற்காலிகளும் இதே கணக்குத்தான்.

அந்த முதியவருக்கு யார் வேண்டுமானாலும் உதவலாம். ஆனால் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது அவருக்கு உள்ள கவலை. திருக்கோட்டியூர் நம்பியின் கவலையும் இதுதான் என்று நினைக்கிறேன். கேட்பதற்கும் படிப்பதற்கும் எவருக்கும் அதிகாரம் உண்டு என்பதை இராமானுஜர் நிலைநாட்டிவிட்டார். அதில் பின்வாங்க வேண்டியதில்லை. காக்கும் பொறுப்போ கூடவே இருந்து பழகி, சின்னச் சின்ன வேலைகளைச் செய்து காட்டி, பலர் அறியப் பெறவேண்டியது. பதினெட்டு முறை நடக்க வைத்ததன் நியாயம் அந்தப் பொறுப்புக்குப் பொருந்தும். எக்ஸ்-இசட் விவகாரத்தில் வஞ்சகன் அந்தச் சோதனையிலும் தேறிவிட்டானே என்றால், சோதித்தவர் தனியாளாகவும் களைத்தவராகவும் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே ஒருவரை நம்பி ஊர் உறங்கிக்கொண்டிருந்தால் எந்தக் குருபரம்பரையும் தாங்காது. எங்கள் கூடத்தில் இப்போது மாதத்தில் ஒரு மாலைப்பொழுதைப் பழுது பார்ப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அன்றைக்கு யாரும் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை. தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவதொரு பொது நிரலில் நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் குறையைத் தேடித் திருத்தி அனுப்புகிறார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்கள் விளக்கக் குறிப்பிலுள்ள பிழைகளைத் திருத்துகிறார்கள், அல்லது தமிழில் எழுதித் தருகிறார்கள். கூலிம் ஆலையில் இரவு வேலை முடித்து வரும் பிள்ளைகளும் இதில் கலந்துகொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. கெடாவின் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து கண்ட இரும்பு உலைகளின் எச்சங்களும் களிமண் ஊதுகுழல்களும், இந்தக் கடாரத்து மண்ணில் ஒரு காலத்தில் பெருந்தொழில் ஒன்று நடந்ததைக் காட்டுகின்றன. அதைச் செய்த கைகளின் வித்தை இன்று இவ்வட்டாரத்தில் எவரிடமும் இல்லை. சில வித்தைகள் காலம் முடிந்து மறைவது இயற்கையே. ஆகமம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்கும்போது மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே பூசையைத் தொடரலாம். மூலஸ்தானத்தில் உளிச் சத்தம் கேட்கும் நாட்களில் தெய்வத்துக்கும் வழிபடுவோருக்கும் அது இடைக்கால வாசம். சீராக்க முடியாதபடி பின்னமான பிம்பத்தை உரிய கிரியைகளோடு ஆழ்ந்த நீரில் விட்டுவிடலாம். காப்பவன் களைத்தால் இறக்கி வைக்க ஓர் இடம், காக்க இயலாததை விடுவதற்கு ஒரு முறை, இரண்டையும் வகுத்துக் கொடுத்த மரபு அது. பொது நிரல் உலகத்தில் முன்னதற்கு ஏற்பாடு மிகக் குறைவு. பின்னதற்கு, இனி இதை யாரும் பராமரிக்கவில்லை என்று பக்கத்தின் தலைப்பில் எழுதி மூடி வைக்கும் வழக்கம் உண்டு. அப்படி எழுதுபவர்கள் மேல் ஏன் கைவிட்டாய் என்று வசை பொழிகிறவர்களும் உண்டு.

சென்ற ஆண்டு, மழை ஈரம் பட்டைமேல் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்து, இன்று பால் வெட்ட முடியுமா என்று விடியுமுன்பே சொல்லும் சிறு கருவியின் நிரலுக்கு அவ்வாறு நான் எழுதினேன். சிறுதோட்டக்காரர்கள் சிலர் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். பாலிங்கிலிருந்து இரண்டு இளைஞர்கள் கேட்டு வந்தார்கள். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் தமிழர். வரைபடங்களையும், தீராத குறைகளின் பட்டியலையும், எந்த இணைப்பு அடிக்கடி அறுகிறது என்ற குறிப்பையும் அவர்களிடம் ஒப்படைத்தேன். திருத்தங்களை ஏற்றும் அதிகாரத்தை அவர்கள் அனுப்பிய முதல் சில திருத்தங்களைப் பார்த்த பிறகே கொடுத்தேன். இப்போது அது அவர்களுடைய பெயரில் வெளிவருகிறது.